ஜாவாவில் தேதி ஸ்ட்ரிங் தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஜாவாவில் தேதியை ஸ்ட்ரிங்காக மாற்றுவது ஒரு வரி வேலை. ஆனால் அந்த ஒரு வரி தப்பாகப் போகும்போது பெரும்பாலும் எரர் எதுவும் வராது. பார்க்க ஒழுங்காக இருக்கும் தப்பான தேதி ஒன்று பில்லிலோ சம்பளப் பட்டியலிலோ அச்சாகி வெளியே போய்விடும். யாராவது கேட்ட பிறகுதான் நமக்கே தெரியும். அதனால் இந்த வகை பக்கில் எக்செப்ஷன் வந்து புரோகிராம் நின்றால் நல்லது என்றே நினைக்கிறேன். பேசாமல் ஓடுவதுதான் ஆபத்து.

ஸ்ட்ரிங் உருவாக மூன்று விஷயங்கள் வேண்டும்: பேட்டர்ன் (எந்த வடிவம்), டைம்ஸோன் (எந்த ஊர் நேரம்), லோக்கேல் (எந்த மொழி, எந்த நாட்டு வழக்கம்). பேட்டர்னை நாம் எழுதுகிறோம். மற்ற இரண்டையும் சொல்லாமல் விட்டால், ஓடுகிற மெஷினில் என்ன இருக்கிறதோ அதையே ஜாவா எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் சரியாக வந்தது சர்வரில் தப்பாக வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

பேட்டர்ன் எழுத்துகளைக் கேப்பிட்டல் எம், ஸ்மால் எம் என்று பேச்சில் சொல்வது போலவே கீழே எழுதியிருக்கிறேன். கோடில் அதற்குரிய ஆங்கில எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்தான் பாதி பிரச்சினைக்குக் காரணம், அதனால் அதைக் கவனித்துப் படியுங்கள்.

முதலில் இந்த ஒரு நேரத்தை ஓட்டிப் பாருங்கள்

கோடைத் தோண்டுவதற்கு முன்னால், உங்கள் ஃபார்மேட் செய்யும் மெத்தடுக்கு 2024 டிசம்பர் 31, இரவு 12 மணி 5 நிமிடம் 9 வினாடி, இந்திய நேரம், என்ற தேதியைக் கொடுத்துப் பாருங்கள். ஸோன்டுடேட்டைம் கிளாஸில் ஏசியா/கொல்கத்தா ஸோனோடு உருவாக்கினால் போதும். வர வேண்டியது 2024-12-31 00:05:09. என்ன வந்தது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டு 2025 என்று வந்தால் கேப்பிட்டல் ஒய் போட்டிருக்கிறீர்கள். மாதம் 05 என்று வந்தால் மாதத்தின் இடத்தில் ஸ்மால் எம் இருக்கிறது. நிமிடம் 12 என்று வந்தால் அதற்கு நேர்மாறு. நாள் 366 என்று வந்தால் கேப்பிட்டல் டி (D). மணி 12 என்று வந்தால் ஸ்மால் எச், 24 என்று வந்தால் ஸ்மால் கே. முழுத் தேதியும் 2024-12-30 18:35:09 என்று வந்தால் பேட்டர்னில் தப்பில்லை, ஸோன் யூடிசியாக, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரமாக, இருக்கிறது.

யூனிட் டெஸ்டில் மே 5, காலை 10 மணி மாதிரி சாதாரண தேதியைப் போட்டால் இதில் பாதி மாட்டாது. இந்த ஒரு நேரத்தை டெஸ்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தின் இடத்தில் 00, 37, 52 என்று வருகிறது

கேப்பிட்டல் எம் என்றால் மாதம், ஸ்மால் எம் என்றால் நிமிடம். மாதம் 12க்கு மேல் போனாலோ 00 ஆனாலோ வேறு எங்கும் தேட வேண்டாம். 00 வருவதற்குக் காரணம், நேரம் இல்லாமல் சேமித்த தேதி நள்ளிரவு 12:00 ஆக இருப்பது.

இதன் மறுபக்கம் கண்ணில் படுவது கஷ்டம். மணிக்குப் பக்கத்தில் கேப்பிட்டல் எம் போட்டுவிட்டால், ஆகஸ்ட் மாதம் முழுக்க எல்லா நிகழ்வும் 9:08, 11:08, 16:08 என்று வரும். ஒரு வரியை மட்டும் பார்த்தால் சந்தேகமே வராது. ரிப்போர்ட்டின் நிமிடப் பகுதியை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள், எல்லாம் ஒரே எண் என்றால் காரணம் இதுதான்.

லோக்கல்டேட் கிளாஸைப் பயன்படுத்தினால் முதல் தப்பு நடக்கவே முடியாது. அதில் நிமிடம் என்பதே இல்லாததால் ஸ்மால் எம் போட்டதும் எக்செப்ஷன் எறிந்துவிடும். தேதி மட்டும் போதும் என்கிற இடத்தில் லோக்கல்டேட்டை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் ஆண்டு ஒன்று கூடுகிறது

வருடம் முழுக்க ஒழுங்காக ஓடும். டெஸ்ட் பாஸ் ஆகும், ரிவ்யூவிலும் தப்பும். டிசம்பர் கடைசியில், ஆட்கள் பாதிப் பேர் லீவில் இருக்கும் சமயத்தில், 2024 டிசம்பர் 31 என்பது 2025 டிசம்பர் 31 ஆகிவிடும்.

ஸ்மால் ஒய் என்பது காலண்டர் ஆண்டு. கேப்பிட்டல் ஒய் என்பது வாரக் கணக்கு ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் வாரமாக எண்ணப்படுகிறதோ அந்த ஆண்டு. ஐஎஸ்ஓ 8601 கணக்கில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும். ஜனவரி 4 எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். 2025இன் முதல் வாரம் 2024 டிசம்பர் 30 திங்களன்றே தொடங்கிவிட்டது, அதனால் டிசம்பர் 30, 31 இரண்டும் 2025 என்று அச்சாகும். அமெரிக்க லோக்கேலில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதால் டிசம்பர் 29ஆம் தேதியே ஆண்டு மாறிவிடும். ஒரே கோட், ஒரே நாள், லோக்கேலைப் பொறுத்து வேறு வேறு ஆண்டு.

ஐஎஸ்ஓ கணக்கில் எதிர்ப்பக்கமும் நடக்கும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் கேப்பிட்டல் ஒய் 2026 என்றே காட்டும். புத்தாண்டு பிறந்தும் ஆண்டு மாறாததைப் பார்த்துச் சிலர் சர்வர் கடிகாரத்தைச் சந்தேகிப்பார்கள். கடிகாரத்தை விட்டுவிட்டுப் பேட்டர்னைப் பாருங்கள்.

இந்த வகைத் தப்பு பெரிய இடங்களையும் விடவில்லை. 2014 டிசம்பர் 29 அன்று ட்விட்டர் சர்வர்கள் அனுப்பிய தேதியில் ஆண்டு 2015 என்று இருந்தது, ஆண்ட்ராய்டு செயலியிலிருந்து பலர் வெளியேற்றப்பட்டார்கள். அன்று திங்கட்கிழமை, 2015இன் முதல் வாரத்தின் முதல் நாள்.

திருத்தம் எளிது: ஸ்மால் ஒய் நான்கு போடுங்கள், அல்லது புதிய ஃபார்மேட் கிளாஸான டேட்டைம்ஃபார்மேட்டரில் ஸ்மால் யு நான்கு போடுங்கள். எனக்கு ஸ்மால் யு பிடிக்கும், ஸ்ட்ரிங்கைத் திரும்பத் தேதியாக்கும்போது ஸ்ட்ரிக்ட் முறையிலும் அது வேலை செய்யும். ஸ்மால் ஒய் அங்கே கிபியா கிமுவா என்று தெரியாமல் தோற்றுப்போகும். அப்புறம் புராஜெக்ட் முழுக்க கேப்பிட்டல் ஒய் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு தேடல் போடுங்கள். ஓரிடத்தில் இருந்தால் காப்பி பேஸ்ட்டில் வேறு இடங்களுக்கும் போயிருக்கும்.

ஜனவரியில் சரி, பிப்ரவரியில் 32ஆம் தேதி

ஸ்மால் டி மாதத்தின் நாள், கேப்பிட்டல் டி ஆண்டின் நாள். ஜனவரி முழுக்க இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் ஏமாற்றுகிறது. ஜாவா 8இல் டேட்டைம்ஃபார்மேட்டரோடு கேப்பிட்டல் டி இரண்டு போட்டால், நூறாவது நாள் வந்ததும், சாதாரண ஆண்டில் ஏப்ரல் 10 அன்று, இரண்டு இலக்கத்தில் அடங்கவில்லை என்று எக்செப்ஷன் எறியும். பின்னால் வந்த பதிப்புகளில் 100 என்றே அச்சாகும்.

மதியம் 2:30 என்பது 02:30 என்று வருகிறது

கேப்பிட்டல் எச் 0 முதல் 23 வரை. ஸ்மால் எச் 1 முதல் 12 வரை, அதோடு முற்பகல் பிற்பகலைக் காட்டும் ஸ்மால் ஏ இல்லாவிட்டால் காலையா மதியமா என்ற தகவலே தொலைந்துவிடும். டேட்டாபேஸில் ஸ்ட்ரிங்காகச் சேமித்திருந்தால் திரும்ப மீட்கவும் வழியில்லை. நள்ளிரவு 12:05 மணிக்கு 24:05 என்று வருவது ஸ்மால் கே போட்டதால்.

ஒரு நாள் குறைகிறது, அல்லது ஐந்தரை மணி நேரம் தள்ளி வருகிறது

இதற்கு இரண்டு கைரேகைகள் உண்டு. ஸ்ட்ரிங்கின் நேரப் பகுதி எல்லா ரெக்கார்டிலும் 18:30:00 என்று நின்றால், இந்திய நள்ளிரவை யூடிசியில் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தேதியும் ஒரு நாள் முன்னால் இருக்கும். எல்லா ரெக்கார்டிலும் 05:30:00 என்று நின்றால் யூடிசி நள்ளிரவை இந்திய நேரத்தில் காட்டுகிறீர்கள். சிங்கப்பூர், மலேசியா சர்வர்களில் இதே இரண்டும் 16:00, 08:00 ஆக வரும். லாக்கில் இந்த எண்களைப் பார்த்தால் ஸோன் பிரச்சினை என்று உடனே முடிவுகட்டலாம்.

மே 15 அன்று பிறந்தவருக்கு மே 14 என்று சான்றிதழ் அச்சாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மில் வந்த பிறந்த தேதியைப் பழைய டேட் கிளாஸில் போட்டிருப்பார்கள். பெயர் டேட் என்றாலும் அது நாள் அல்ல, ஒரு கணம். மே 15 இந்திய நள்ளிரவு என்ற அந்தக் கணம் டோக்கர் கன்டெய்னருக்குள் போகிறது. கன்டெய்னரின் ஸோன் வழக்கமாக யூடிசி, அங்கே அதே கணம் மே 14 மாலை 6:30. ஃபார்மேட் செய்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, தப்பு தேதியைக் கணமாக மாற்றிய இடத்தில் இருக்கிறது.

பிறந்த தேதி, விடுமுறை நாள், பில் தேதி இவற்றுக்கெல்லாம் ஸோனே கிடையாது. லோக்கல்டேட்டாக வாங்கி, லோக்கல்டேட்டாகச் சேமித்து, லோக்கல்டேட்டாகவே ஃபார்மேட் செய்யுங்கள். பணம் ஏறிய நேரம், லாகின் ஆன நேரம் போன்றவை கணங்கள். அவற்றை இன்ஸ்டன்ட் கிளாஸில் வைத்திருந்து, காட்டும் இடத்தில் மட்டும் ஸோனைச் சொல்லி மாற்றுங்கள். சர்வரின் ஸோனை மாற்றிச் சரிசெய்வதை நான் திருத்தமாக ஏற்க மாட்டேன். அடுத்த சர்வருக்குப் போகும்போது அதே பக் திரும்ப வரும்.

ஸோன் பெயரிலும் கவனம் வேண்டும். டைம்ஸோன் தரவுத்தளத்தில் ஏசியா/சென்னை என்று ஒன்று கிடையாது, இந்தியா முழுமைக்கும் ஏசியா/கொல்கத்தாதான். பழைய டைம்ஸோன் கிளாஸிடம் இல்லாத பெயரைக் கொடுத்தால் அது எதுவும் சொல்லாமல் ஜிஎம்டியைத் திருப்பித் தரும். எழுத்துப் பிழை இருந்தாலும் அதே கதை. புதிய ஸோன்ஐடி கிளாஸ் உடனே எக்செப்ஷன் எறியும், அதையே பயன்படுத்துங்கள். ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தையும் நம்ப வேண்டாம், இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அது பொது.

இலங்கைத் தரவு கையாள்பவர்களுக்கு ஒன்று. இலங்கையும் இந்தியாவும் இன்று ஒரே நேரம் என்பதால் இரண்டுக்கும் ஏசியா/கொல்கத்தாவைப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. 1996 மே மாதம் இலங்கை தன் நேரத்தை யூடிசியைவிட 6:30 மணி முன்னால் என்று மாற்றியது, அதே ஆண்டு அக்டோபரில் 6:00க்கு வந்தது, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் 5:30க்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டு ரெக்கார்டுகள் கொல்கத்தா ஸோனில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிசகி வரும். ஏசியா/கொழும்பு போட்டால் 2001ஆம் ஆண்டுத் தேதிக்கு +06:00 என்று வரும், அது பக் அல்ல, அதுதான் சரி.

நம் பக்கம் சரி, வாங்கும் பக்கம் ஐந்தரை மணி நேரம் கூடுகிறது

பேட்டர்னின் கடைசியில் இசட் எழுத்தை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மேற்கோளுக்குள் போனால் அது வெறும் எழுத்து, எந்தக் கணக்கும் நடக்காது. ஆனால் ஸ்ட்ரிங்கைப் படிக்கும் பக்கம் இசட் என்றால் யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும். காலை 10:00 இந்திய நேரத்தை 10:00 யூடிசி என்று சொல்லி அனுப்பினால், அவர்கள் அதை இந்திய நேரத்துக்கு மாற்றி 15:30 என்று காட்டுவார்கள்.

இணையத்தில் அதிகம் காப்பி ஆகும் பேட்டர்ன்களில் இதுவும் ஒன்று, எனக்கு இதைப் பார்த்தால் கோபமே வரும். ஸ்ட்ரிங் தன்னைப் பற்றியே பொய் சொல்கிறது. மேற்கோளை எடுத்துவிட்டு கேப்பிட்டல் எக்ஸ் மூன்று போடுங்கள், +05:30 என்று உண்மையான வித்தியாசம் அச்சாகும். யூடிசிதான் வேண்டும் என்றால் இன்ஸ்டன்ட்டின் டூஸ்ட்ரிங்கை அப்படியே கொடுங்கள்.

எக்செப்ஷன் வருகிறது

அன்சப்போர்ட்டட் ஃபீல்டு, ஹவர்ஆஃப்டே என்று வந்தால் லோக்கல்டேட்டிடம் மணி கேட்கிறீர்கள். பேட்டர்னிலிருந்து நேரத்தை எடுங்கள், அல்லது அட்ஸ்டார்ட்ஆஃப்டே போட்டு நேரம் சேருங்கள். இயர்ஆஃப்இரா என்று வந்தால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட்டை ஸோன் இல்லாமல் ஃபார்மேட் செய்கிறீர்கள். எந்த ஊர் என்று தெரியாமல் எந்த ஆண்டு என்று அதற்குச் சொல்ல முடியாது. ஃபார்மேட்டரில் வித்ஸோன் சேருங்கள்.

தெரியாத பேட்டர்ன் எழுத்து T என்று வந்தால், தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் உள்ள கேப்பிட்டல் டி (T, மேலே சொன்ன D அல்ல) என்ற எழுத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, பேட்டர்ன் நடுவில் "மணி" என்று நேராக எழுதலாம்.

கொடுத்த ஆப்ஜெக்ட்டைத் தேதியாக ஃபார்மேட் செய்ய முடியாது என்று பழைய ஃபார்மேட் கிளாஸான சிம்பிள்டேட்ஃபார்மட் சொன்னால், உங்கள் கையில் இருப்பது ஏற்கெனவே ஸ்ட்ரிங். அதை முதலில் பார்ஸ் செய்து, அதாவது திரும்பத் தேதியாக்கி, கொடுக்க வேண்டும்.

எப்போதாவது, கூட்டம் அதிகமாக இருக்கும்போது மட்டும் தப்பு

ஒருவருடைய ரசீதில் இன்னொருவருடைய தேதி. திரும்ப ஓட்டினால் சரியாக வருகிறது. இப்படி இருந்தால் ஸ்டாட்டிக்காக அறிவித்த சிம்பிள்டேட்ஃபார்மட் எங்கேயாவது இருக்கும். அந்தக் கிளாஸ் தனக்குள் ஒரு காலண்டர் ஆப்ஜெக்ட் வைத்திருக்கிறது. ஃபார்மேட் செய்யும்போது நம் தேதியை முதலில் அதில் எழுதி, பிறகு அதிலிருந்து படித்து ஸ்ட்ரிங் ஆக்குகிறது. இரண்டு த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் வந்தால், ஒன்று எழுதி முடித்துப் படிப்பதற்குள் இன்னொன்று மேலே எழுதிவிடும். லேப்டாப்பில் ஒற்றை ஆளாகச் சோதித்தால் இது வரவே வராது.

2014இல் ஜாவா 8 வந்ததிலிருந்து டேட்டைம்ஃபார்மேட்டர் இருக்கிறது. உருவாக்கிய பிறகு மாறாத ஆப்ஜெக்ட் அது, எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் பகிரலாம். பழைய கோடை மாற்ற முடியாத நிலை என்றால், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சிம்பிள்டேட்ஃபார்மட் உருவாக்குங்கள். அதற்காகும் நேரத்தை நினைத்துத் தயங்க வேண்டாம், தப்பான ரசீதைவிட அது மேல்.

சில ஸ்ட்ரிங் மட்டும் நீளம் குறைவாக வருகிறது

வாங்கும் பக்கம் எப்போதாவது மட்டும் பார்ஸ் ஆகவில்லை என்று புகார் வரும். லோக்கல்டேட்டைம் டூஸ்ட்ரிங்கைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். வினாடியும் அதற்குக் கீழே உள்ளதும் சுழியமாக இருந்தால் அது வினாடியையே விட்டுவிடும், 10:30:00 என்பது 10:30 ஆகிவிடும். வினாடியின் பின்னமும் அப்படித்தான், தேவைக்கேற்ப 3, 6 அல்லது 9 இலக்கம் வரும். டூஸ்ட்ரிங் லாக்குக்குப் போதும். அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்புவதற்குப் பேட்டர்னை வெளிப்படையாக எழுதுங்கள்.

மில்லிசெகண்டிலும் ஒரு பொறி. சிம்பிள்டேட்ஃபார்மட்டில் கேப்பிட்டல் எஸ் ஆறு போட்டால் மைக்ரோசெகண்ட் கிடைக்காது. 89 மில்லிசெகண்டுக்கு முன்னால் சுழியம் நிரப்பி 000089 என்று தரும், படிப்பவர் அதை 89 மைக்ரோசெகண்ட் என்று எடுத்துக்கொள்வார்.

ஆண்டு 124, மாதம் 11 என்று வந்தால் பழைய டேட் கிளாஸின் கெட்இயர், கெட்மன்த் மெத்தடுகளை ஒட்டி ஸ்ட்ரிங் செய்திருக்கிறீர்கள். ஆண்டு 1900இலிருந்தும் மாதம் சுழியத்திலிருந்தும் எண்ணப்படுகிறது. ஒட்டுவதை விட்டுவிட்டு ஃபார்மேட்டருக்கு மாறுங்கள்.

தமிழ் மாதப் பெயர் வரவில்லை

லோக்கேலை ta-IN என்பதற்குரிய எழுத்துகளில், அதாவது டி, ஏ, கோடு, ஐ, என் என்று, ஃபார்லாங்க்வேஜ்டேக் மூலம் கொடுத்து, நாள் எண், கேப்பிட்டல் எம் நான்கு, ஆண்டு என்று பேட்டர்ன் போட்டால் 31 டிசம்பர் 2024 என்று வர வேண்டும். கேப்பிட்டல் இ நான்கு சேர்த்தால் செவ்வாய் என்று கிழமையும் வரும். ஆங்கிலத்திலேயே வந்தால் ஜாவா பதிப்பைப் பாருங்கள். ஜாவா 8 தன் பழைய லோக்கேல் தரவை முதலில் பார்க்கும், அதில் தமிழ் இல்லை. லோக்கேல் புரொவைடர்ஸ் என்ற சிஸ்டம் பிராப்பர்ட்டியில் சிஎல்டிஆரை (யூனிகோடின் லோக்கேல் தரவு) முன்னால் வையுங்கள். ஜாவா 9 முதல் சிஎல்டிஆர்தான் இயல்பு. புதிய பதிப்பிலும் வரவில்லை என்றால், ஜேலிங்க் என்ற கருவியை வைத்துச் சுருக்கிய ரன்டைமா என்று பாருங்கள். ஜேடிகே லோக்கேல்டேட்டா மாட்யூலைச் சேர்க்காவிட்டால் தமிழ் போய்விடும்.

கேள்விக்குறிகளாக வந்தால் ஃபார்மேட்டில் தப்பில்லை, எழுதும் இடத்தில் என்கோடிங் தப்பு. ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகளில் கோப்பு எழுதும்போது யூடிஎஃப்-8 என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்மால் ஏ போட்டால் முற்பகல், பிற்பகல் என்று வரும், இரவு 9 மணியும் பிற்பகல்தான். படிப்பவருக்கு அது உறுத்தும். ஜாவா 16 முதல் கேப்பிட்டல் பி (B) என்ற எழுத்து இருக்கிறது, காலை, மாலை, இரவு என்று நேரத்துக்கேற்ற சொல்லைத் தரும். தமிழ் செயலிகளுக்கு இது பெரிய உதவி, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. சித்திரை, வைகாசி மட்டும் இந்த வழியில் கிடைக்காது. தாய் பௌத்த, ஹிஜ்ரி காலண்டர்கள் ஜாவாவோடு வருகின்றன, தமிழ்க் காலண்டர் இல்லை.

ஜாவா பதிப்பை உயர்த்தியதும் டெஸ்ட் உடைகிறது

பிரிட்டிஷ் ஆங்கில லோக்கேலில் செப்டம்பரின் சுருக்கம் ஜாவா 16இல் மூன்றெழுத்திலிருந்து நான்கெழுத்தாகிவிட்டது, பழைய ஸ்ட்ரிங்குகள் பார்ஸ் ஆகாமல் போவது இதனால்தான். ஜாவா 20இல் வந்தது இன்னும் குழப்பும். ஆஃப்லோக்கலைஸ்டுடைம் போன்ற மெத்தடுகள் ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம்முக்கு முன்னால் சாதாரண இடைவெளிக்குப் பதில் யூ+202எஃப் என்ற குறுகிய இடைவெளியைப் போடுகின்றன. எதிர்பார்த்ததும் வந்ததும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், ஆனால் டெஸ்ட் தோற்கும். ஸ்ட்ரிங்கை ஒவ்வொரு எழுத்தாக எண் வடிவில் அச்சிட்டுப் பாருங்கள், 32 இருக்க வேண்டிய இடத்தில் 8239 இருக்கும்.

மெஷின் படிக்கும் ஸ்ட்ரிங்கில் மாதப் பெயரும் ஏஎம் பிஎம்மும் இருக்கவே கூடாது. எண்களாலான ஐஎஸ்ஓ வடிவம் எந்தப் பதிப்பிலும் மாறவில்லை. மனிதர் படிக்கும் ஸ்ட்ரிங்கை டெஸ்டில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள்.

பட்டியல் 01-02, 01-03, 02-01 என்று கலைந்து நிற்கிறது

நாள் முன்னால் வரும் ஸ்ட்ரிங்கை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள். தேதியாக இருக்கும்போதே வரிசைப்படுத்தி, கடைசியில் ஃபார்மேட் செய்யுங்கள். கோப்புப் பெயரிலும் இதே காரணத்துக்காக ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையே நல்லது. அங்கே சாய்கோடு போட்டால் லினக்ஸ் அதை டைரக்டரி என்று எடுத்துக்கொண்டு, கோப்பு இல்லை என்று சொல்லும். நேரத்தில் வரும் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. 20241231-000509 என்ற வடிவம் இரண்டிலும் ஓடும்.